விதையைக் கடைசியில் வாங்குங்கள்: வடசென்னை மொட்டைமாடியில் குறைந்த செலவில் இயற்கைத் தோட்டம்

மாடித்தோட்டம் போடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நர்சரிக்குத்தான் போகிறார்கள். பூத்து நிற்கும் ஒரு ரோஜா, காயோடு ஒரு மிளகாய்ச் செடி, ஒரு மூட்டை கலந்த மண் என்று வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். வந்த பிறகு தொட்டி தேடுகிறார்கள். இலை வெளுத்ததும் உரம் தேடுகிறார்கள். எல்லாம் கருகிய பிறகுதான் எந்தத் தண்ணீரை ஊற்றினோம் என்ற யோசனை வருகிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மாடிகளில் இந்தக் கதையைப் பார்த்திருக்கிறேன். அந்த மாடிகளில் முதலாவது என்னுடையது.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதித் தொல்லை தீரும். முதலில் தண்ணீர், பிறகு சருகு, பிறகு மட்கு உரம், பிறகு மண் கலவை, கடைசியில் விதை. சருகும் சமையலறைக் கழிவும் வாளியில் மட்கிக் கிடைப்பதுதான் மட்கு உரம்; அது தயாராக இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். மண் கலவை பதமாக இன்னும் இரண்டு வாரம். ஆடிப்பட்டத்தில் விதைக்க நினைப்பவர் மாசி, பங்குனியில் சருகு சேர்த்து, சித்திரையில் வாளியை நிரப்பத் தொடங்கியிருக்க வேண்டும். ஆடி பிறந்த பிறகு இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம்; இன்றைக்கே வாளியைத் தொடங்கினால் மார்கழி, தைக் கீரைக்கு உதவும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்று, பழைய அரிசிச் சாக்கு நாலைந்து, ஒரு களைக்கொத்து, காய் நறுக்க ஒரு பழைய கத்தி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று. மீட்டரை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான்.

1. மாடி தாங்குமா என்று பாருங்கள்

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உரம் பாதி மட்கிய நிலையில் வாளியைத் தூக்கச் சொன்னால் அதை எங்கேயும் கொண்டுபோக முடியாது.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் கூரை வீடுகள் இன்னும் இருக்கின்றன. மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கூரை அது. அதன் நடுவில் தொட்டிகளைக் குவிக்கக் கூடாது. அந்த வீடுகளில் மண் நிரப்பிய செடிப்பைகள் நாலைந்தோடு நிறுத்திக்கொண்டு, அவற்றையும் சுவரை ஒட்டியே வையுங்கள். கான்கிரீட் தளமானாலும் தூண், உத்தரம் போகும் வரிசையில் வைப்பதுதான் சரி. 20 லிட்டர் பை ஒன்று மழையில் நனைந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். வடியும் நீர் தேங்காமல் ஓடினால் தளமும் கெடாது, வேரும் அழுகாது. கீழ்வீட்டில் ஈரம் கசிந்தால் பழி தோட்டத்தின் மேல்தான் விழும், கசிவு பத்து வருடப் பழையதாக இருந்தாலும்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு இருப்பது புதிய செய்தி இல்லை. நம்மில் பலர் அதில் குளித்தே பழகிவிட்டோம், சோப்பு நுரைக்காதது கண்ணில் படுவதுகூட இல்லை. செடிக்கு அப்படிப் பழகத் தெரியாது. மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இலை நுனியும் ஓரமும் தீய்ந்துபோகும். பார்க்கிறவர் ‘தண்ணீர் போதவில்லை’ என்று அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவார்.

வீட்டில் வரும் எல்லாத் தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து மீட்டரை விட்டுப் பாருங்கள்: மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர், ஏ.சி.யிலிருந்து சொட்டுவது, ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுவது. மீட்டர் காட்டும் எண் (பி.பி.எம்.) 500க்குள் இருந்தால் கவலையில்லை. 500 முதல் 1,000 வரை என்றால் கத்தரி, தக்காளி, பாலக் சமாளிக்கும். பீன்ஸ், வெங்காயம், கேரட் திணறும். 1,000ஐத் தாண்டினால் அதை அன்றாடம் ஊற்றாதீர்கள்.

ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிற நல்ல மனம் படைத்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். ஏ.சி. நீரில் உப்பு ஏறக்குறைய இருக்காது. அதை ஒரு குடத்தில் பிடித்து, போர் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் உப்பின் அளவும் பாதியாகிவிடும். மழைநீருக்கு மிஞ்சியது இல்லை. பெரிய டிரம் ஒன்று வைத்துத் துணியால் மூடிவிடுங்கள், கொசு வராது.

3. சருகு சேருங்கள்

சமையலறைக் கழிவு தினமும் வரும், சருகு அப்படி வராது. வாளி நாறிப்போன வீடுகளில் எல்லாம் காரணம் ஒன்றுதான், சருகு கையிருப்பு இல்லாமல் தொடங்கியது. ஆகவே மூன்று சாக்குச் சருகு சேர்ந்த பிறகே வாளியைத் தொடுங்கள்.

மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போது தெருவில் சருகு குவியும். காலையில் பெருக்க வரும் தூய்மைப் பணியாளரிடம், ‘அக்கா, குப்பை கலக்காத இலையை மட்டும் இந்தச் சாக்கில் போட்டு வைக்கிறீர்களா?’ என்று கேட்டு, சாக்கையும் கொடுங்கள். வண்டி தள்ளும் பாரம் குறைவதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வேம்பு, புங்கம், பூவரசு, தூங்குமூஞ்சி எல்லாம் ஆகும். பாதாம் இலை தடிப்பானது, கையால் நொறுக்கிப் போட வேண்டும். பெரிய சாலை ஓரத்துச் சருகில் வண்டிப் புகையும் தூசும் படிந்திருக்கும். அதைத் தவிர்த்துச் சந்து, பள்ளி வளாகம், கோயில் மரத்தடி என்று பாருங்கள்.

சருகு கிடைக்காதவர்கள் கிழித்த அட்டைப்பெட்டி, முட்டைத் தட்டு, கரும்புச்சாற்றுக் கடைச் சக்கை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். கரும்புச் சக்கையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நறுக்குங்கள், இல்லையென்றால் எறும்பு கூடாரம் போட்டுவிடும். மரக்கடைத் தூளை எடுத்தால் அது வெறும் மரத்தூள்தானா என்று கேளுங்கள். பிளைவுட் தூளில் பசை கலந்திருக்கும், அது வேண்டாம்.

4. வாளியைத் தயார் செய்யுங்கள்

பழைய பொருள் கடையில் பெயின்ட் வாளி மலிவாகக் கிடைக்கும். தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் இருந்த வாளியாகப் பார்த்து எடுங்கள். ஆயில் பெயின்ட், ரசாயனம் இருந்த வாளி எவ்வளவு கழுவினாலும் சாப்பிடும் பொருளுக்கு ஆகாது.

கம்பியைச் சூடாக்கிச் சுண்டுவிரல் நுனி நுழையாத அளவுக்குத் துளை போடுங்கள். பக்கவாட்டில் மூன்று வரிசை, நாலு விரல் இடைவெளியில். அடியில் பத்துத் துளை. மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு வேண்டும்; காற்று இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு கூட்டம் பிடித்துக்கொள்ளும், நாற்றம் அந்தக் கூட்டத்தின் வேலை. துளை பெரிதானால் எலிக்குட்டி நுழையும். வாளியை இரண்டு செங்கல் மேல் வைத்து அடியில் ஒரு தட்டு வையுங்கள். மாடியில் நிழல் விழும் மூலைதான் அதற்கு இடம். கத்திரி வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் உள்ளே காய்ந்து, மட்குவது நின்றுவிடும்.

மூன்று வாளி எதற்கு? நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வாளி நிரம்பச் சுமார் மூன்று வாரம் ஆகும். மூன்றாவது நிரம்பும்போது முதலாவது முதிர்ந்துகொண்டிருக்கும். ஒரே வாளியில் மேலே போட்டுக்கொண்டே போனால் எப்போதும் எல்லாமே அரைகுறையாகவே இருக்கும்.

5. அடுக்குங்கள்

அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் இரண்டு கைப்பிடி பழைய மட்கு உரமோ காய்ந்த மாட்டுச்சாணமோ தூவுங்கள். மாதவரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் சாணம் கேட்டாலே கிடைக்கும். புளித்த மோர் தெளிப்பவர்களும் உண்டு, தீங்கில்லை. ஆனால் நுண்ணுயிரைக் கொண்டு சேர்ப்பதில் ஒரு கைப்பிடி பழைய உரத்துக்கு அது ஈடாகாது.

பிறகு அன்றாடம் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. எடைக் கணக்கு வேண்டாம். கழிவு கொட்டிய கிண்ணத்தாலேயே இரண்டு முறை சருகை அள்ளிப் போட்டால் போதும். நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 30 பங்கு கரிச்சத்துக்கு (கார்பன்) ஒரு பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை. காய்கறித் தோலில் தழைச்சத்து மிகுதி, சருகில் கரிச்சத்து மிகுதி. இந்தக் கிண்ணக் கணக்கு அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கழிவைக் கட்டைவிரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். முழு வாழைப்பழத்தோல் மாதக்கணக்கில் கிடக்கும், நறுக்கியது பத்து நாளில் காணாமல் போகும். காய்கறித் தோல், கீரைத்தண்டு, பூச்சரம், நூல் எடுத்த பழைய மாலை எல்லாம் போடலாம். டீத்தூள் சக்கையைக் கழுவிவிட்டுப் போடுங்கள், அதிலுள்ள சர்க்கரை எறும்பை அழைக்கும்.

சோறு, குழம்பு, எண்ணெய்ப் பண்டம், ஊறுகாய், மீன்முள், எலும்பு ஆகியவற்றைப் போடக் கூடாது. எலி வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சமைத்த பண்டத்தில் உள்ள உப்பு. தண்ணீரில் வருகிற உப்போடு போராடிக்கொண்டிருக்கும்போது உரத்தின் வழியாகவும் உப்பைச் சேர்ப்பது வேண்டாத வேலை.

ஒவ்வொரு நாளும் மேலே தெரிவது சருகாகத்தான் இருக்க வேண்டும். கழிவு கண்ணில் பட்டால் ஈக்கும் கண்ணில் படும். வாரம் ஒரு முறை களைக்கொத்தால் அடிவரை கிளறுங்கள்.

ஈரத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தால் பதம் சரி. கோடு போட்டு ஒழுகினால் ஈரம் அதிகம், இரண்டு கிண்ணம் சருகு போட்டுக் கிளறுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை உதிர்ந்துபோனால் ஈரம் குறைவு, தண்ணீர் தெளியுங்கள். அந்தத் தண்ணீரும் உப்பில்லாததாக இருக்கட்டும். என் முதல் வாளியை நான் ஒரு முறைகூடப் பிழிந்து பார்க்கவில்லை. வாளியைக் கைப்பிடியால் தூக்கியபோது அடியில் அரை வாளிக்குக் கறுப்புக் குழம்பு. கீழ்வீட்டு அக்கா கொடியில் உலர்த்தியிருந்த புடவையின் மேல் ஒரு வாரத்துச் சமையலறை வழிந்தது. அவர் இன்றைக்கும் அந்தப் புடவையை நினைவுபடுத்துவார்.

6. மூக்கைக் கேட்டுச் சரிசெய்யுங்கள்

மூத்திர நெடி அடித்தால் தழைச்சத்து மிகுதி, சருகு கூட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றில்லை. எல்லாவற்றையும் சாக்கின் மேல் கொட்டி ஒரு மணி நேரம் ஆறவிட்டுச் சருகு கலந்து திரும்ப நிரப்புங்கள். வாசனையே இல்லை, வேலையும் நடக்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

தடித்த சாம்பல் நிறப் புழு நெளிந்தால் அலற வேண்டாம். அது பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அது கடிக்காது, நோய் பரப்பாது, கழிவைத் தின்று நம் வேலையைக் குறைக்கும். அதற்காகப் பூச்சிமருந்து அடித்து உரத்தையே கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டி ஈக்கள் மொய்த்தால் மேலே மூன்று விரல் உயரம் சருகு, அதன்மேல் ஒரு செய்தித்தாள். நாலு நாளில் குறைந்துவிடும்.

வாளி சிறியது என்பதால் பெரிய குவியல்போல உள்ளே சூடேறாது. ஆகவே தக்காளி, பூசணி விதைகள் உயிரோடு இருந்து பிறகு தொட்டியில் முளைக்கும், நோய்க் கிருமியும் பிழைக்கும். நோய் பிடித்த செடியை வாளியில் போடாதீர்கள் என்பது இதனால்தான்.

7. முதிர்ந்ததா என்று சோதியுங்கள்

நிரம்பிய வாளியை 45 முதல் 60 நாள் விடுங்கள். கறுத்து, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண் வாசனையோடு இருந்தால் சல்லடையில் சலித்து, சாக்கில் கட்டி இன்னும் இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். சலிக்கையில் மிஞ்சும் குச்சியும் கட்டியும் அடுத்த வாளிக்குப் போகட்டும், உறைமோர் மாதிரி.

பார்வைக்கு முதிர்ந்தது உள்ளே முதிராமல் இருக்கலாம். முதிராத உரம் மண்ணுக்குப் போன பிறகும் மட்கும். அப்போது செடிக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், இளம் வேரும் கருகும். ஆகவே ஒரு சின்னச் சோதனை. பாதி உரமும் பாதி மண்ணும் கலந்து ஒரு டம்ளரில் பத்து வெந்தயம், வெறும் மண்ணில் இன்னொரு பத்து. ஐந்தாறு நாளில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை முளைத்தால் உரம் தயார். உரம் கலந்த டம்ளரில் நாலுதான் முளைத்தது என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

8. தேங்காய் நார்த்தூளைக் கழுவுங்கள்

மாடியில் எடையைக் குறைக்க நார்த்தூள் தேவை. ஐந்து கிலோக் கட்டி ஒன்று ஊறினால் 60, 70 லிட்டராக உப்பும். ஆனால் கழுவாத நார்த்தூளில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் ஏராளம். நான் வாங்கிய முதல் கட்டியை விற்றவர், ‘ஊறவைத்து அப்படியே போடலாம்’ என்று சொன்னார். போட்டேன். முளைத்த கீரை இரண்டிலையோடு நின்று, ஓரம் பழுத்துப்போனது.

கட்டியை இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் பழைய நைலான் புடவையில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். முதல் தடவை காப்பி நிறத்தில் வரும். பிழிந்த நீரில் மீட்டரை விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள், மூன்றாவது தடவையும் செய்யுங்கள். கடைசியில் பிழிந்த நீரின் எண், நீங்கள் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். உப்புப் போர் தண்ணீரில் கழுவினால் பத்துத் தடவை கழுவினாலும் பயனில்லை. இங்கே அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். தண்ணீர் தட்டுப்பாடான மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், கோடை இடிமழை பெய்யும் நாளில் சாக்கோடு மாடியில் வைத்தால் வானமே கழுவிக் கொடுக்கும்.

9. மண் கலவையைச் சேருங்கள்

செம்மண் ஒரு பங்கு, மட்கு உரம் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு. செம்மண் மாதவரம், செங்குன்றம் சாலையோர நர்சரிகளில் மூட்டையாகக் கிடைக்கும். எங்கே தோண்டிய மண் என்று கேட்டு வாங்குங்கள். வீடு இடித்த இடத்து மண்ணில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அது காரத்தன்மையை ஏற்றி, இரும்புச்சத்தைச் செடிக்கு எட்டாமல் செய்துவிடும். தொழிற்சாலைச் சுவர் ஓரம், குப்பைமேட்டு ஓரம், பழைய பேட்டரி உடைக்கும் இடம் ஆகியவற்றின் மண்ணை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஈயம் போன்ற உலோகங்கள் மட்குவதில்லை. கீரைக்குள் ஏறித் தட்டுக்கு வரும்.

20 லிட்டர் பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள் போடுங்கள். வேர்ப்புழுவைக் குறைக்கும், தழைச்சத்தையும் மெதுவாக விடும். பிண்ணாக்கு மட்கும்போது சூடும் பூஞ்சணமும் வரும். எனவே கலவையை ஈரமாக்கி, சாக்கால் மூடி 10 முதல் 15 நாள் ஆறவிடுங்கள். கலந்த அன்றைக்கே நாற்று நட்டுவிட்டு, ‘அண்ணே, இயற்கை உரம்தானே, எப்படிச் செடி கருகும்?’ என்று என்னிடம் கேட்ட தம்பி ஒருவர் உண்டு. இப்படித்தான் கருகியது.

பைக்குப் பதில் காசிமேட்டில் மீன் ஏற்றி உடைந்த தெர்மாகோல் பெட்டிகளையும் பயன்படுத்தலாம். எடை இல்லை, வேரைச் சூடு தாக்காது. உப்பு போக நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்து, அடியில் ஆறேழு துளை போடுங்கள். வெயிலில் தெர்மாகோல் உதிரும் என்பதால் வெளிப்புறம் பழைய சாக்கைச் சுற்றிவிடுவது நல்லது. கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும், கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒரு முழம் வேண்டும்.

10. மற்ற இடுபொருட்கள்

கடலைப் பிண்ணாக்கு: ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒரு முறை வேரில் ஊற்றலாம். கட்டியாக மேலே வைத்தால் எலிக்கும் எறும்புக்கும் விருந்து.

முட்டை ஓடு மேல் பலருக்குப் பெரும் பக்தி. அது கால்சியம் கார்பனேட். நம் ஊர்க் காரத் தண்ணீரில் எளிதில் கரையாது. பொடித்து மட்கு வாளியில் போடுங்கள், அவ்வளவுதான். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவது.

சாம்பலைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். விறகுச் சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு, ஆனால் காரத்தன்மையும் உண்டு. ஏற்கெனவே கடின நீர் ஊற்றும் பையில் மாதம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நிலக்கரிச் சாம்பலைத் தோட்டத்தில் அறவே சேர்க்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலை நேரில் பார்த்திருக்கும் எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர் தண்ணீரைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு ஜிப்சம் உதவும். பைக்கு இரண்டு தேக்கரண்டி தூவிக் கிளறி, பிறகு நல்ல தண்ணீரை அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விலக்கும், தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். இரண்டாவது வேலையைச் செய்யாவிட்டால் முதல் வேலை வீண்.

11. மீன் அமிலம்

மீன் அமிலம் என்பது மீன்கழிவை வெல்லத்தோடு நொதிக்கவைத்து எடுக்கும் திரவ உரம். வடசென்னையில் இருந்துகொண்டு அதைக் கடையில் வாங்குவது, கடற்கரையில் நின்று மணல் வாங்குவது போல. தெருவுக்கு வரும் மீன்காரம்மாவிடம் குடல், செவுள், தலை ஒரு கிலோ கேளுங்கள். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். கருவாட்டுக் கழிவு வேண்டாம், அது முழுக்க உப்பு.

சம எடை மலிவான வெல்லத்தைப் பொடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் மீனும் வெல்லமுமாக அடுக்குங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், கண்ணாடி பாட்டிலும் வேண்டாம். உள்ளே காற்று உருவாகி வெடிக்கும். மூடியை இறுக்கி நிழலில் வைத்து, முதல் வாரம் தினமும் ஒரு நொடி தளர்த்தி மூடுங்கள். வெல்லம் குறைந்தால் நொதிக்காமல் அழுகும், தெருப்பூனைகள் எல்லாம் உங்கள் மாடியில் கூட்டம் போடும். டப்பாவின் மேல் ஒரு செங்கல் வைப்பது நல்லது.

21 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தேன்போன்ற பழுப்பு நீர் கிடைக்கும். வடிகட்டி, லிட்டருக்கு 5 மி.லி. கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள்; வேருக்கு 10 மி.லி. வரை போகலாம். 15 நாளுக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. அளவு கூடினால் இலை தீயும். கீரை பறிக்க ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பொரியலில் காசிமேடு மணக்கும்.

12. இப்போது விதை

முதல் விதைப்பு கீரையாக இருக்கட்டும். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை மூன்றும் மூன்று, நாலு வாரத்தில் மண்ணின் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். கத்தரியில் அதே குறை தெரிய மூன்று மாதம் ஆகும். விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவினால் நெருக்கமில்லாமல் விழும். மேலே மெல்லிய அடுக்கு உரம் தூவிப் பூவாளியால் நனையுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கச் சுற்றிலும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்குத் தூள்.

கீரை நன்றாக வந்த பையில் ஆடியில் வெண்டை, கொத்தவரை, அவரை போடலாம். கொத்தமல்லியைக் கார்த்திகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சென்னை வெயிலில் அது முளைப்பதற்குள் பூத்துவிடும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (பை, நார்த்தூள், விதை அடங்கிய தொகுப்பு) கிடைத்தால் வாங்குங்கள். அதில் வரும் நார்த்தூளையும் கழுவிவிட்டே பயன்படுத்துங்கள்.

13. தொடர்ந்து செய்ய வேண்டியவை

காலையில் தண்ணீர் விடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு விட வேண்டாம். பையின் மேல்மண்ணில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது உப்பு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி ஒழுகவிடுங்கள். போர் தண்ணீர் கலந்து ஊற்றுகிறவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தே ஆக வேண்டும். மண்ணின் மேல் எப்போதும் இரண்டு விரல் உயரம் சருகு மூடாக்கு இருக்கட்டும். ஈரம் ஆவியானால் உப்பு மேலே தங்கிவிடும், மூடாக்கு அதைத் தடுக்கும்.

கடல்காற்று வீசும் பக்கமும், கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையை ஒட்டிய மாடிகளிலும் இலையில் உப்பும் கரித்தூசும் படியும். வாரம் ஒரு முறை இலையின் மேலும் கீழும் தண்ணீர் அடியுங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய ஒரு சிட்டிகை சோப்புத்தூள், வெயில் தாழ்ந்த பிறகு.

ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் இரண்டு கைப்பிடி மட்கு உரம் போடுங்கள். மாடிப் பையில் மண் வருடத்தில் நாலைந்து விரல் இறங்கும், அந்த இடத்தை உரத்தால் நிரப்பினால் போதும், புது மண் வாங்க வேண்டியதில்லை.

ஐப்பசியில் மழை வலுப்பதற்கு முன் வாளிகளுக்கு மேல் ஒரு தகரமோ தார்ப்பாயோ போட்டுவிடுங்கள், அடித்துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து மாடிக்குப் போனபோது என் பைகள் வெளுத்துக் கிடந்தன. கரையும் சத்தெல்லாம் அடிவழியே போயிருந்தது, அடுத்த பயிருக்கு உரத்தை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. தரையில் தொட்டி வைத்திருந்தவர்கள் நிலை வேறு. சாக்கடையும், எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்த வெள்ளத்தில் நின்ற தொட்டி மண்ணைக் கீரைக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அதில் பூச்செடி வையுங்கள். சாப்பாட்டுச் செடிக்கு அடுத்த வாளி உரத்திலிருந்து புதுக் கலவை போடுங்கள்.